சனிக்கிழமைக்குப் பழக்கியது ஞாயிற்றுக்கிழமைக்குப் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். (படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், இது கால்பந்து இல்லை, ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் வைத்து ஆடும் ஆட்டம்.) தொழில்முறை வீரர்களை உருவாக்குவதில் அந்தக் கல்லூரிகளை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆளே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2022இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் 15 பேர் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகளுக்குப் போனதை அதற்குச் சான்றாகக் காட்டியிருந்தீர்கள். எண் சரி. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் எடுத்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, கைச்செலவுக்காக, அங்கே விளையாட்டு வீரர்களுக்கென்றே இருந்த படிப்பு மையத்தில் நான்கு ஆண்டுகள் கணக்கும் புள்ளியியலும் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஃபுட்பால் பையன்கள். இரவு 8 மணிக்கு வருவார்கள், தோளிலோ முழங்காலிலோ ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு. விடியற்காலையில் எடை தூக்குவதில் தொடங்கிய நாள் அவர்களுக்கு அப்போதும் முடிந்திருக்காது. ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது அப்புறம்தான், முதலில் பிடித்துப்போனது அந்தப் பையன்களைத்தான். அதனால் கட்டுரையைப் படித்தபோது அவர்கள் முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் 7 சுற்றுகள், 2024இலும் 2025இலும் மொத்தம் 257 பேரைத்தான் எடுத்தார்கள். டிராஃப்டுக்குத் தகுதி பெறும் கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேர்வாவதில்லை, இதைக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே சொல்கிறது. தேர்வானாலும் வேலை நிச்சயம் என்று ஆகிவிடாது. கோடை முகாமுக்கு ஒவ்வொரு அணியும் 90 பேர் வரை வைத்துக்கொள்ளும், ஆகஸ்ட் கடைசியில் அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். 32 அணிகளுக்கும் கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 1,200 பேருக்கு வேலை போகிறது. அணிக்குப் பதினாறு பேர் போலப் பயிற்சிக் குழுவில் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள், மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உள்ளே நின்றவர்களுக்கும் சராசரி 3.3 ஆண்டுகள்தான் என்று வீரர்கள் சங்கம் பல காலமாகச் சொல்லிவருகிறது. லீக் இந்த எண்ணை ஒத்துக்கொள்வதில்லை, முதல் ஆண்டில் அணியில் இடம் பிடித்தவர்களை மட்டும் எண்ணினால் கூடும் என்கிறது. சரி, இரட்டிப்பாகவே வைத்துக்கொள்வோம், அப்போதும் 30 வயதுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிற வேலை அது.

இனி அந்த 15 பேர். ஜார்ஜியா போன்ற கல்லூரி நாடு முழுக்கப் பள்ளி மைதானங்களில் ஆள் வைத்துத் தேடி, மிகச் சிறந்த பையன்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருகிறது. பதினேழு வயதிலேயே எல்லாருடைய பட்டியலிலும் முதலில் இருந்தவர்கள் அவர்கள். அவர்களில் 15 பேர் டிராஃப்டில் போனால், அதில் கல்லூரி கற்றுக்கொடுத்தது எவ்வளவு, வரும்போதே அவர்களிடம் இருந்தது எவ்வளவு? புள்ளியியல் படித்தவனுக்கு முதலில் எழுகிற கேள்வி இது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் பள்ளியை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும். ஜார்ஜியா ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, அங்கே தற்காப்பு ஆட்டம் கற்றுக்கொடுக்கிற விதம் உண்மையிலேயே அருமை. தேர்வானவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை அளக்க முடியாது என்கிறேன்.

அமெரிக்காவில் கல்லூரி ஆட்டம் சனிக்கிழமை, தொழில்முறை ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு வீரர் தொழில்முறையில் தேறுவாரா என்று பேசும்போது அங்கே 'இவன் ஞாயிற்றுக்கிழமை ஆடுவான்' என்றுதான் சொல்வார்கள். கல்லூரிப் பயிற்சியாளருக்குச் சம்பளம் கிடைப்பது சனிக்கிழமை ஜெயிப்பதற்கு. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிறவர் ஃபுட்பால் கோச்தான், ஆளுநர்கூடக் கிட்டே வர முடியாது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தம் முடியும் முன்பே வேலையை விட்டு நீக்கியது, அதற்காக அவருக்குத் தர ஒத்துக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். தோற்கிற கோச்சைப் போகச் சொல்வதற்கே இவ்வளவு தரத் தயாராக இருக்கிற இடத்தில், வரும் சனிக்கிழமை ஜெயிக்க உதவாத ஒரு விஷயத்தை, மூன்று ஆண்டு கழித்து இந்தப் பையனுக்கு உதவுமே என்று எந்தக் கோச் நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொடுப்பார்? அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பையன்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் தலைக்கு மேல் தொங்குவது சனிக்கிழமைக் கணக்கு.

இது ஆட்டத்திலேயே எப்படித் தெரிகிறது என்பதற்கு, அணியை நடத்திப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் இடத்தைப் பாருங்கள். தொழில்முறையில் குவார்ட்டர்பேக் என்றால், கோச் ஹெல்மெட் ரேடியோவில் சொல்கிற ஆட்டத்திட்டத்தை, அது ஒரு முழு நீள வாக்கியமாக இருக்கும், காதில் வாங்கி, வட்டமாகக் கூடியிருக்கிற மற்ற 10 பேருக்கும் பிசகாமல் ஒப்பித்து, அப்புறம் பந்து வைத்திருக்கிற கோட்டுக்குப் போய் எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் திட்டத்தையே அந்த இடத்தில் மாற்றி, இவ்வளவையும் சில விநாடிகளில் முடிக்க வேண்டும். கல்லூரியிலோ பல அணிகள் ஹடில் என்று கூடுவதே இல்லை. எல்லாரும் கோட்டில் நின்றபடியே மைதானத்தின் ஓரத்தைப் பார்ப்பார்கள், அங்கே யாராவது படம் போட்ட பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள், எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்துத் திட்டத்தை மாற்றுவதையும் கோச்சே செய்துவிடுவார். பையன் திரும்பிப் பந்தை வாங்கி எறிய வேண்டியதுதான். இதில் வேகம் கிடைக்கிறது, 19 வயதுப் பையனை முதல் ஆண்டிலேயே ஆட வைக்க முடிகிறது, சனிக்கிழமை ஜெயிக்க முடிகிறது. ஆனால் 22 வயதில் என்.எஃப்.எல். போய் நிற்கும்போது, ஹடிலில் நின்று திட்டத்தைச் சத்தமாகச் சொல்வதையே அவன் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. பந்தைக் கொடுக்கிற சென்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று வாங்குவது, வாங்கிக்கொண்டே பின்வாங்கி அடி வைப்பது, இதையெல்லாம் கல்லூரியில் கிட்டத்தட்டச் செய்தே பார்த்திராத குவார்ட்டர்பேக்குகள் இருக்கிறார்கள். ஹெல்மெட் ரேடியோ என்.எஃப்.எல்.லுக்கு 1994இல் வந்துவிட்டது, பெரிய கல்லூரிகளின் ஆட்டத்துக்கு வந்தது 2024இல், முப்பது ஆண்டு கழித்து!

முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கிற லைன்மேன்கள் கதையும் இதுதான், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதுதான் வித்தியாசம். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்று, பந்து நகர்ந்ததும் எதிரே இருப்பவனைத் தள்ளிக்கொண்டு போவது தொழில்முறையில் அடிப்படைப் பாடம். பரவலாக நின்று பந்தை வேகமாக எறிந்து ஆடும் கல்லூரி அணிகளில் லைன்மேன் பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்பான், பந்து ஒன்றரை இரண்டு விநாடியில் கையை விட்டுப் போய்விடும், அதற்குமேல் அவன் யாரையும் தடுத்துப் பழகியதில்லை. விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. எறியப்போகும் ஆட்டத்தில் லைன்மேன் கோட்டைத் தாண்டி 3 கெஜம் வரை போகலாம் என்கிறது கல்லூரி விதி, தொழில்முறையில் 1 கெஜம். பந்தைப் பிடிப்பவன் கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் இருந்தால் போதும், தொழில்முறையில் இரண்டு காலும் வேண்டும். பந்தை எங்கே வைக்கலாம் என்று காட்ட மைதானத்தின் நடுவில் போட்டிருக்கும் ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் கல்லூரியில் பந்து ஒரு ஓரமாக வைக்கப்படும்போது மறுபக்கம் பரந்து கிடக்கும், அந்தப் பரப்பை நம்பியே திட்டம் போடுவார்கள், தொழில்முறையில் அந்தப் பரப்பு இருக்காது. மற்ற இடங்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. பந்தோடு ஓடுகிறவர்கள், ஓரத்தில் காவல் நிற்கிற கார்னர்பேக்குகள் போன்றவர்கள் பெரும்பாலும் வந்த ஆண்டே இறங்கி ஆடிவிடுகிறார்கள்.

கல்லூரி நன்றாகத் தயார் செய்த உதாரணங்களும் இருக்கின்றன, அவற்றை மறைத்தால் நான் நியாயமாக எழுதியதாகாது. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோ ஸ்டேட்டில் வாய்ப்புக் கிடைக்காமல் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யூ.) மாறினார், 2018இல் சுமாராகத்தான் ஆடினார். 2019இல் ஜோ பிரேடி என்ற இளம் கோச் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து அங்கே வந்து, தொழில்முறையில் ஆடும் பந்தெறி முறையையே கொண்டுவந்து வைத்தார். அந்த ஒரே பருவத்தில் பர்ரோ 60 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார், 2020 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார், இரண்டாவது ஆண்டிலேயே சின்சினாட்டி அணியை லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே சனிக்கிழமைக்குத் தேவைப்பட்டதும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவைப்பட்டதும் ஒன்றாக அமைந்தன, அதனால் நடந்தது. அலபாமாவில் நிக் சேபன் 2007 முதல் 2023 வரை செய்ததும் இதுதான், அவரே அதற்கு முன் என்.எஃப்.எல்.லில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், அந்த அணியின் அன்றாடப் பழக்கங்களே தொழில்முறை மாதிரி இருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக், ஜோஷ் ஆலன். வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர் எறிந்த பந்துகளில் 56 சதவீதம்தான் சரியாகப் போய்ச் சேர்ந்தன. கை வலு அபாரம், குறி அவ்வளவு இல்லை. எறிகிற முறையைத் திருத்தி, பொறுமையாக ஆட வைத்து, 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது வரை அவரைக் கொண்டுபோனது பஃபலோ அணி. இன்னொரு குவார்ட்டர்பேக் ப்ராக் பர்டி ஐயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டும் ஆடித் தேய்ந்தவர், 2022 டிராஃப்டில் 262ஆவது ஆளாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்டார், 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் ஆடினார். பெரிய பெயருள்ள கல்லூரியில் இரண்டு ஆண்டு வெளியே உட்கார்ந்திருப்பதைவிட, நடுத்தரக் கல்லூரியில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி அடிபட்டு எழுந்தது அவருக்கு உதவியது என்று நினைக்கிறேன்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் இது வரவே இல்லை. பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் யாரும் என்.எஃப்.எல்.லில் சேர முடியாது. ஒஹாயோ ஸ்டேட்டின் வீரர் மொரிஸ் கிளாரெட் இதை எதிர்த்து வழக்குப் போட்டார், 2004 பிப்ரவரியில் ஜெயித்தார், மே மாதமே மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமயோர். இடைப்பட்ட காலத்தில் கிளாரெட்டால் கல்லூரியிலும் ஆட முடியவில்லை, 2005இல் டென்வர் அணி மூன்றாவது சுற்றில் எடுத்தது, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வெளியே வந்தார். பேஸ்பாலுக்கு இருப்பதுபோல லீக்கே நடத்துகிற கீழ்நிலை அணிகள் ஃபுட்பாலில் கிடையாது. ஆக அந்த மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பையனுக்குக் கல்லூரியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. பயிற்சிச் செலவு முழுவதும் கல்லூரியுடையது, லீக் ஒரு காசும் தர வேண்டாம், அதனாலேயே என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கிற உரிமையும் அதற்கு இல்லை. வேலை கொடுப்பவர் பயிற்சிக்குப் பணம் தருவதில்லை, பயிற்சி கொடுப்பவருக்கு அந்த வேலையைப் பற்றிக் கவலை இல்லை. நடுவில் நிற்கிற பையனுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், இது நான் கண்ணால் பார்த்தது. பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. விதி. வீடியோவைத் தானாகப் பார்ப்பது, தானாக வந்து எடை தூக்குவது, பயணம், காயத்துக்குச் சிகிச்சை, இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. 'தானாக' வராத பையன் அடுத்த வாரம் வெளியே உட்கார்ந்திருப்பான், எல்லாருக்கும் தெரியும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது, 2014 மார்ச்சில் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி விசாரித்து எழுதிய முடிவில், பருவத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம், ஆகஸ்ட் முகாமில் 50 முதல் 60 மணி நேரம் என்று பதிவு செய்திருக்கிறார். அடுத்த ஆண்டே மேல் வாரியம் அந்த வழக்கில் தலையிட மறுத்துவிட்டது, சங்கம் வரவில்லை. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய குவார்ட்டர்பேக் கெய்ன் கோல்ட்டர், மருத்துவம் படிக்க நினைத்ததையும் பயிற்சி நேரத்தோடு மோதியதால் வேதியியல் வகுப்பை விட வேண்டிவந்ததையும் சாட்சியத்தில் சொன்னார்.

அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. என்னிடம் ஒரு பையன் வந்துகொண்டிருந்தான், லைன்மேன் வரிசையில் கார்ட் இடத்தில் ஆடுகிறவன், நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியே தெரியாது. கணக்கு அவனுக்கு அப்படி வரும். வகைநுண்கணிதத்தில் நான் ஒரு வழி சொன்னால் அவன் இன்னொரு வழி கண்டுபிடிப்பான். இயந்திரப் பொறியியல் சேர ஆசைப்பட்டான். அந்தத் துறையின் ஆய்வக வகுப்புகள் பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணி வரை, பயிற்சியும் அதே நேரம். விளையாட்டுத் துறையின் ஆலோசகர் அவனை உட்கார வைத்துப் பேசி, காலையில் முடிந்துவிடுகிற வேறொரு பட்டப்படிப்பில் சேர்த்துவிட்டார். அவன் அணியில் இருபது பேருக்கு மேல் அதே படிப்பு. அவனைக் கேட்டேன், நீ விரும்பித்தான் மாறினாயா என்று. 'ஸ்காலர்ஷிப் அவர்களுடையது, நான் என்ன சொல்ல முடியும்' என்றான். 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள அந்தப் பையன் அதைச் சொன்னபோது குரல் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. முழங்கால் பிசகி மூன்றாம் ஆண்டோடு ஆட்டம் முடிந்தது அவனுக்கு. பொறியியலுக்குத் திரும்பலாம் என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதன் மிக மோசமான முகத்தை நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் பார்த்தோம். 18 ஆண்டுகளாக, ஒரே ஒரு கட்டுரை எழுதினால் போதும், வகுப்பே நடக்காது, ஆசிரியரும் வர மாட்டார் என்ற பாடங்களில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்திருந்ததாக 2014இல் வந்த வெய்ன்ஸ்டீன் விசாரணை அறிக்கை சொன்னது. அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். அதற்கும் வெகுமுன்னால், வாஷிங்டன் அணியின் டெக்ஸ்டர் மேன்லி 1989இல் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, தனக்குப் படிக்கவே தெரியாமல் இருந்தது என்று அழுதார். ஒக்லஹோமா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு இருந்தவர் அவர், இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தவர். ஆட்டத்துக்கு அவரை அருமையாகத் தயார் செய்திருந்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

விதிவிலக்குகளும் உண்டு. ஜான் அர்ஷெல் பென் ஸ்டேட்டில் லைன்மேனாக ஆடிக்கொண்டே கணிதத்தில் முதுகலை முடித்தார், பால்டிமோர் அணியில் மூன்று பருவம் ஆடி 26 வயதில் நிறுத்திவிட்டு எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கினார். ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைரன் ரோல், ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போவதற்காக டிராஃப்டையே ஓர் ஆண்டு தள்ளிவைத்தார், இன்று அவர் மூளை நரம்பு அறுவை சிகிச்சை மருத்துவர். ஆனால் அந்த ஓர் ஆண்டுக்காக அவருக்கு ஆட்டத்தில் உண்மையான பற்று இருக்கிறதா என்று அணிகள் சந்தேகப்பட்டன, முதல் சுற்றுகளில் போவார் என்று பேசப்பட்டவரை ஆறாவது சுற்றில்தான் எடுத்தார்கள். இதைப் பார்க்கிற அடுத்த பையன் என்ன பாடம் கற்றுக்கொள்வான்?

பணத்தைப் பற்றி உங்கள் கட்டுரை மகிழ்ச்சியோடு பேசியது, அதில் பாதி எனக்கும் சம்மதம். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். வீரர்கள் என்.சி.ஏ.ஏ.வை எதிர்த்துப் போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. முழு மனதோடு வரவேற்கிறேன். என் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குக் கையில் காசில்லாத பையன்கள் இருந்தார்கள், சனிக்கிழமை 80,000 பேர் டிக்கெட் வாங்கி வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள். அது அநியாயம்தான், ஒழிந்தது நல்லது. ஆனால் பணம் கொடுப்பதும் பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுப்பதும் வேறு வேறு வேலை. 1996 முதல் 2003 வரை டிராஃப்டில் போனவர்களை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது, ஓய்வு பெற்று 12 ஆண்டுக்குள் ஏறக்குறைய 16 சதவீதம் பேர் திவால் மனு போட்டிருந்தார்கள். அதிலும் நிறையச் சம்பாதித்தவர், நீண்ட காலம் ஆடியவர் என்றெல்லாம் பார்த்தாலும் விகிதம் பெரிதாக மாறவில்லை. இவர்களெல்லாம் கல்லூரியில் மூன்று நான்கு ஆண்டு இருந்தவர்கள். வரி எப்படிப் பிடிப்பார்கள், ஏஜெண்ட் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும், என்.எஃப்.எல். ஒப்பந்தத் தொகையில் எது உறுதி, எது உறுதி இல்லை என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பருவப் பாடம் போதும். நானே சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்தேன், கேட்டும் பார்த்தேன், நேரம் இல்லை என்றார்கள்.

கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் வந்தபின் இன்னொரு சிக்கல். ஆண்டுதோறும் கல்லூரி மாறலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஆடுகிற வாய்ப்புக்காக மாறுவது நியாயம்தான், பர்ரோ மாறாவிட்டால் பர்ரோ இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் முன்பு படித்த பாடங்களில் சிலவற்றைப் புதுக் கல்லூரி ஏற்காது. மூன்று கல்லூரி, மூன்று கோச், மூன்று ஆட்டமுறை என்று சுற்றிவிட்டு, ஒன்றிலும் ஆழமாகப் பழகாமல், பட்டமும் எட்டாமல் நிற்கிற பையன்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியோடு ஆட்டத்தை நிறுத்தியவர்களின் 53 மூளைகளில் 48இல், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற சேதம் இருந்தது. சந்தேகப்பட்டுக் குடும்பத்தார் கொடுத்த மூளைகள் அவை, அதனால் எல்லா வீரர்களுக்கும் இப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் என்.எஃப்.எல். வாசலையே மிதிக்காதவர்களுக்கும் இந்த அடி விழுகிறது என்பது அதில் தெரிகிறது. 2024 ஆகஸ்ட் முதல் முதல்நிலைக் கல்லூரிகள் ஆட்டத்தில் பட்ட காயத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு மருத்துவம் பார்க்க வேண்டும், முழு உதவித்தொகையில் இருந்தவர்கள் 10 ஆண்டுக்குள் திரும்பி வந்து பட்டத்தை முடிக்கப் பணம் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. மிக நல்ல விதி. என் கார்ட் பையனுக்கு அது காலம் கடந்து வந்தது.

கடைசியாக இன்னொரு பையனைப் பற்றி. கார்னர்பேக், வேகமென்றால் அப்படியொரு வேகம், எங்கள் அணியில் மூன்று ஆண்டு தொடர்ந்து ஆடினான். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, ஆனால் அன்று இரவே ஒரு அணி முகாமுக்குக் கூப்பிட்டது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம் எனக்குப் போன் வந்தது. என்னை நீக்கிவிட்டார்கள், விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பட்டத்துக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி, அதில் ஒன்று புள்ளியியல், ரிக்ரெஷன் மறந்தே போய்விட்டது, திரும்பச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டான். டிராஃப்டுக்குத் தயாராவதற்காகக் கடைசிப் பருவத்தில் வகுப்பை விடச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த இலையுதிர் காலம் முழுக்க வாரம் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தோம். இப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறான், மாலையில் அங்கேயே பையன்களுக்குக் கார்னர்பேக் ஆடக் கற்றுக்கொடுக்கிறான்.

அடுத்த ஏப்ரலில் டிராஃப்ட் வரும்போது உங்கள் பக்கத்தில் மறுபடியும் பட்டியல் போடுவீர்கள், எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் என்று. போடுங்கள், நானும் ஆசையாகத்தான் படிப்பேன். அதற்குப் பக்கத்திலேயே, நான்கைந்து ஆண்டுக்கு முன் அதே கல்லூரியில் அதே நாளில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த இருபத்தைந்து பேரில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எந்தப் படிப்பில் வாங்கினார்கள், எத்தனை பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள், இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் ஒரு கல்லூரிக்காவது தேடிப் போடுங்கள். தேடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
அமெரிக்காவில் வாழும் உங்கள் நெடுநாள் வாசகன்